ஆம், இல்லை, தெரியாது

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் எங்களுக்கு 0, 1 என்ற இரண்டும் நன்கு பழக்கமானவை. எந்தத் தருக்கப் படலையை எடுத்தாலும் விடை உண்மை அல்லது பொய். இயந்திரத்தின் உள்ளே இது போதும். ஆனால் மனிதர்களைப் பற்றிய பதிவுகளுக்கு இது போதாது. அங்கே 'தெரியாது' என்ற மூன்றாவது பெறுமானமும் வேண்டும் என்பதே எனது கருத்து.

இது புதிய எண்ணமல்ல. போலந்து அறிஞர் யான் லூக்காசியேவிச் 1920ஆம் ஆண்டிலேயே மூன்று பெறுமானத் தருக்கத்தை முன்வைத்தார். 1958இல் மொஸ்கோ அரச பல்கலைக்கழகத்தில் நிகொலாய் புருசென்ட்சோவின் குழுவினர் -1, 0, 1 என்ற மூன்று இலக்கங்களில் இயங்கும் 'செதூன்' கணினியை உருவாக்கினர். அதில் சுமார் 50 மட்டுமே தயாரிக்கப்பட்டன. பின்னர் துவிதக் கணினிகளே உலகெங்கும் பரவின.

செதூனின் மூன்றாவது இலக்கம் கணக்கிடுவதற்கானது. லூக்காசியேவிச்சின் மூன்றாவது பெறுமானமோ இன்னும் முடிவாகாததைக் குறிப்பது. அந்தச் சிந்தனை இன்று எமது தரவுத்தளங்களில் வாழ்கிறது. எஸ்கியூஎல் மொழியில் தகவல் இல்லாத இடத்தை 'நல்' என்பர். அது பூச்சியமும் அல்ல, 'இல்லை' என்பதும் அல்ல.

ஒரு பெயர்ப் பட்டியலில் 'உயிருடன் உள்ளாரா?' என்ற நிரல் இருப்பதாகவும், அதில் சிலருக்கு 'நல்' என இருப்பதாகவும் கொள்வோம். 'ஆம்' என்றிருப்போரைக் கேட்டால் இவர்கள் வரமாட்டார்கள். 'ஆம்' அல்லாதோரைக் கேட்டாலும் வரமாட்டார்கள். 'நல்'லுடன் எதை ஒப்பிட்டாலும் விடை 'தெரியாது' என்பதே. கணினியோ விடை உண்மையான வரிகளை மட்டுமே தரும். இவர்களை அறிய 'இஸ் நல்' என்று தனியாகக் கேட்க வேண்டும். கேட்காதவரின் அறிக்கையில் இந்த மனிதர்களே இல்லை!

எமது கரையோரத்துக்கு இது வெறும் பாடமல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். தப்பியவர்கள் இருந்தார்கள், ஜனாஸாவாகக் கிடைத்தவர்கள் இருந்தார்கள். இரண்டிலும் சேராதவர்களும் இருந்தார்கள். யுத்தமும் நாடெங்கும் பலரை அந்த நிலையில் விட்டுச்சென்றது. காணாமற்போனவரின் குடும்பம் மரணச் சான்றிதழை ஏற்க மனமின்றித் தவித்த நாட்டில், 2016ஆம் ஆண்டுச் சட்டமொன்று அவர் காணப்படவில்லை என்பதற்கே சான்றிதழ் வழங்க வழிசெய்தது. இறந்தார் என்று எழுதாமலே குடும்பம் உதவிகளுக்கு விண்ணப்பிக்க முடிந்தது. எமது மார்க்கச் சட்டமும் காணாமற்போனவரை 'மஃப்கூத்' என்று தனியாகவே பார்க்கிறது. அவருக்குரிய வாரிசுப் பங்கு ஒதுக்கி வைக்கப்படுகிறது.

'தெரியாது' என்று எழுத இடம் கொடுத்தால் அதிகாரிகள் தேடுவதை நிறுத்திவிடுவார்கள் எனச் சிலர் கூறலாம். நான் அப்படி நினைக்கவில்லை. பொய்யான 'இல்லை' ஒன்று கோப்பை மூடிவிடும். நேர்மையான 'தெரியாது' அதைத் திறந்தே வைத்திருக்கும்.

தோழிகளே, நாளை பாடசாலைக்கோ வைத்தியசாலைக்கோ பிரதேச செயலகத்துக்கோ தரவுத்தளம் அமைக்கப்போகிறவர்கள் நாம்தான். மூன்றாவது பெறுமானத்துக்கு ஓர் இடம் வைப்போம். அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று தவறாமல் கேட்போம். பெற்றோர்களே, படிவம் நிரப்பும்போது தெரியாததை ஊகித்து எழுதாதீர்கள். 'தெரியாது' என்பதும் ஒரு விடைதான்.