தேவர்சோலைக்கு வேண்டிய நூலகம்

கூடலூர் வட்டத்துத் தேவர்சோலை, பல திசை மக்கள் கூடி வளரும் பேரூர். பணியர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் ஆகியோர் இம்மண்ணின் மூத்த குடியினர். வயநாட்டிலிருந்து வந்தோரும் சமவெளியிலிருந்து ஏறியோரும் பின்னர்ச் சேர்ந்தனர். 1964-ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர் பலரும் கூடலூர்ப் பகுதியில் குடியமர்ந்தனர். இவ்வூருக்குப் புதியதொரு பொது நூலகம் எழ வேண்டும். அதனை யார் பொருட்டு எழுப்புகிறோம் என்பதை வரைபடம் தீட்டும் முன்னரே தெளிதல் வேண்டும்.

நீலகிரிக்கு நூலகம் புதிதன்று. 1859-இல் உதகையில் தோன்றிய நீலகிரி நூலகம் இன்றும் எழில் குன்றாது நிற்கிறது. ஆனால் அது சந்தா செலுத்தும் உறுப்பினர்க்கு உரியது. எல்லார்க்கும் உரிய நூலகம் என்னும் கோட்பாடு 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்தால் இங்கே வேரூன்றியது. சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்தும் குடிமக்கள் அதன் பயனைக் கேட்பது உரிமை, இரத்தல் ஆகாது.

முதலில் மழையை எண்ணுக. தென்மேற்குப் பருவக்காற்று இங்கே வாரக்கணக்கில் விடாது பொழியும். சமவெளிக்கென வரைந்த தட்டைக் கூரைக் கட்டடத்தை அப்படியே மலைமேல் எழுப்பினால், சில ஆண்டுகளிலேயே ஏடுகளைப் பூஞ்சணம் தின்றுவிடும். சரிந்த கூரையும், சுவரை நனையவிடாத நீண்ட இறவாரமும், உயர்ந்த அடித்தளமும், எதிரெதிர்ச் சாளரங்களும் வேண்டும். ஈரம் ஊறும் வெளிச்சுவரை ஒட்டி அலமாரிகளை வைத்தல் கூடாது. இவற்றை அலங்காரச் செலவு எனக் கணக்கிட்டுக் குறைப்பது பெரும்பிழை.

அடுத்தது நேரம். பகலெல்லாம் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு மாலையில் மூடும் நூலகத்தால் பயனில்லை. ஞாயிறும் முன்னிரவும் அது திறந்திருக்க வேண்டும். யானை நடமாடும் பகுதியாதலின், ஒதுக்குப்புறத்து மேட்டில் மலிவாகக் கிடைக்கும் நிலம் உதவாது. பேருந்து நிற்கும் கடைவீதியை ஒட்டி, விளக்கொளியில் அமைதலே முறை. அங்கும் வர இயலாதோர் உளர். 1931-இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் நூல்கள் ஊர் ஊராகச் சென்றன. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு இன்று ஒரு சிற்றுந்து செல்வது அரிதோ?

தமிழோடு மலையாளமும் கன்னடமும் அலமாரியில் இடம்பெறுதல் இயல்பு. தனக்கென எழுத்தில்லாத பணியர் மொழியின் பாட்டும் கதையும் ஒலிப்பதிவாகச் சேர்ந்தாலன்றி, மூத்த குடியினர் அங்கே விருந்தினராகவே இருப்பர். அவற்றைப் பதிந்து காக்க ஓர் அறையேனும் ஒதுக்குக.

நூலகம் வளரும் உயிர் என்பது சீர்காழி தந்த நூலகவியல் அறிஞர் இரங்கநாதன் 1931-இல் வகுத்த நூலக விதிகளுள் ஐந்தாவது. ஆகவே இன்றைய தேவைக்குமேல் விரிவுக்கும் இடம் வேண்டும். இங்கேதான் பெருந்தடை. சன்மம் என்னும் பழைய நிலவுடைமை முறையை நீக்க வந்த 1969-ஆம் ஆண்டின் கூடலூர் சன்ம நில ஒழிப்புச் சட்டத்திற்குப் பின்னும் இவ்வட்டத்தில் நிலவுரிமைச் சிக்கல்கள் முற்றும் தீரவில்லை. வழக்கில்லா நிலத்தை மாவட்ட ஆட்சியர் இனங்கண்டு நூலக ஆணைக்குழுவிடம் எழுத்துவழி ஒப்படைத்த பின்னரே அடிக்கல் நாட்டுக.