பீர் புத்தகமும் பீட்டர் ஹெமிங்ஸும்

எங்கள் ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டத்துக்கு ஒரு தோழர் போன மாதம் கொண்டுவந்த புத்தகத்தால் சண்டையே வந்துவிட்டது. நடைபாதைக் கடையில் வாங்கிய பழைய பிரதி. ஜான் பாமர் எழுதிய ‘ஹவ் டு புரூ’. வீட்டிலேயே பீர் தயாரிப்பது எப்படி என்று அமெரிக்கர்களுக்குச் சொல்லித்தரும் கையேடு. கல்லூரியில் வேதியியல் படிக்கிற அந்தத் தோழர், நொதித்தலைப் பற்றி இவ்வளவு எளிமையாகத் தன் பாடப்புத்தகம் சொல்லவில்லை என்பதால் வாங்கியிருக்கிறார். அட்டையைப் பார்த்ததும் இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள். அம்பேத்கர் படத்துக்குக் கீழே உட்கார்ந்து பீர் புத்தகம் படிப்பதா? 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அவர் ஏற்கச் செய்த 22 உறுதிமொழிகளில் மது அருந்த மாட்டேன் என்பதும் ஒன்று இல்லையா?

ஒன்றுதான். அதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு கிடையாது. சேரியில் பிறந்தவன் எவனுக்கும் குடியின் விலை என்ன என்று யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் அதே அம்பேத்கர்தான் முதல் பொதுத்தேர்தலுக்காக 1951-இல் வெளியான பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் தேர்தல் அறிக்கையில் அரசின் மதுவிலக்கைக் கைவிடச் சொன்னார். வருவாய் போகிறது, அது கல்விக்குப் போயிருக்க வேண்டிய பணம் என்பது ஒரு காரணம். இன்னொன்று நம் பேச்சுக்கு நேராக வருவது: மதுவிலக்கால் வீட்டுக்கு வீடு தயாரிக்கத் தொடங்கிவிட்டார்கள், முன்பு ஆண்கள் வெளியே போய்க் குடித்தது இப்போது பெண்கள், பிள்ளைகள் கண்முன்னே வீட்டுக்குள் வந்துவிட்டது என்றார். குடிக்காத மனிதர், குடிக்காதே என்று சொன்ன மனிதர், குடியை அரசு எப்படிக் கையாள்கிறது என்பதைத் தனியாக வைத்துப் பார்த்தார். நாமும் அப்படிப் பார்க்கலாம். குடிப்பதற்காக அல்ல, படிப்பதற்காகத்தானே புத்தகம்.

சரி, அந்தப் புத்தகங்களில் என்னதான் இருக்கிறது? முதலில் நேர்மையாகச் சொல்லிவிடுவோம், நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். நம் வீடுகளில் கைக்குழந்தைக்குக் கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்து, அரைத்துக் கஞ்சி காய்ச்சுவோமே, அந்த முளைகட்டின வேலைதான் மால்ட். வாற்கோதுமையில் செய்கிறார்கள். முளைத்த தானியத்தில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கிற நொதிகள் இருக்கும். சுமார் 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் சூட்டுத் தண்ணீரில் ஊறவிட்டால் அவை வேலையைச் செய்யும். அந்த இனிப்பு நீரை வடித்து, ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, ஈஸ்ட் சேர்த்தால் சர்க்கரையைத் தின்று அது சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் விடும். இதில் மந்திரம் ஏதுமில்லை. பாத்திரச் சுத்தமும் பொறுமையும் போதும். தம் வீட்டு அண்டாவில் நடப்பதன் அறிவியலைச் சாதாரண மனிதர் தெரிந்துகொள்ளலாம் என்று நம்பி எழுதப்பட்ட நடை அது. அந்த நம்பிக்கை நமக்குப் பிடித்திருந்தது.

இந்த வகைப் புத்தகங்களில் முக்கியமான ஒன்று சார்லி பாப்பாசியனின் ‘தி கம்ப்ளீட் ஜாய் ஆஃப் ஹோம் புரூயிங்’, 1984-இல் வந்தது. பாப்பாசியன் அணுப் பொறியியல் படித்துவிட்டுப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அமெரிக்காவில் வீட்டில் பீர் தயாரிப்பதைக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றமில்லாததாக்கும் மசோதாவில் ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்டார். இரண்டு பெரியவர்கள் இருக்கிற வீட்டில் ஆண்டுக்கு 200 கேலன் வரை வரியில்லாமல் தயாரித்துக்கொள்ளலாம். அமெரிக்க வீட்டு பீர் தயாரிப்பாளர் சங்கத்தைப் பாப்பாசியன் அதே 1978-இல்தான் கொலராடோவில் தொடங்கினார். வாசகனுக்கு அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் அறிவுரை, பதற்றப்படாதே என்பது. ஏதாவது தவறினாலும் ஒன்றும் ஆகிவிடாது, சாய்ந்து உட்கார் என்கிறார். இந்த அறிவுரையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாப்பாசியன் இந்தக் கலையைக் கற்றது வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் படித்தபோது, சார்லட்ஸ்வில் ஊரில். அந்தப் பல்கலைக்கழகத்தை நிறுவியவர் தாமஸ் ஜெஃபர்சன். ஊரிலிருந்து சில கிலோமீட்டரில் குன்றின்மேல் அவருடைய மாண்டிசெல்லோ மாளிகை. அந்த மாளிகையில் 1813 முதல் பீர் தயாரித்தவர் பீட்டர் ஹெமிங்ஸ். அடிமை. ஜெஃபர்சனின் பிள்ளைகளைப் பெற்ற சாலி ஹெமிங்ஸின் அண்ணன்.

அவர் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1812 போரின்போது ஜோசப் மில்லர் என்ற ஆங்கிலேயர் அந்தப் பகுதியில் முடங்கிப்போனார். லண்டனில் பீர் தொழில் செய்தவர். அவரிடமிருந்து மால்ட் போடுவதும் பீர் வடிப்பதும் பீட்டர் ஹெமிங்ஸ் கற்றார். ஏற்கெனவே அவர் சமையற்காரர், பிறகு தையற்காரரும்கூட. மில்லர் போனபின் ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் 60 கேலன் பீப்பாய்களாக அவர் கையில்தான் அந்த வீட்டு பீர் தயாரானது. பேர் பரவி அக்கம்பக்கத்துப் பெரிய மனிதர்கள் கேட்கத் தொடங்கினார்கள். ஜேம்ஸ் மேடிசனுக்கு, உன் ஆளை அனுப்பு, இங்கே வந்து பழகிக்கொள்ளட்டும் என்று ஜெஃபர்சன் எழுதினார். அதாவது, முன்னாள் குடியரசுத் தலைவர் ஒருவர் இன்னொரு முன்னாள் குடியரசுத் தலைவரின் ஆளுக்குப் பயிற்சி தர முன்வருகிறார். ஆசிரியர் யார்? பீட்டர் ஹெமிங்ஸ்.

1821-இல் ஜேம்ஸ் பார்பர் என்பவர் செய்முறைக் குறிப்பு கேட்டபோது ஜெஃபர்சன் எழுதிய பதில், புத்தகம் படிக்கிற நமக்கு முக்கியம். தன்னிடம் குறிப்பு எதுவும் இல்லை, குறிப்பைப் பார்த்து இந்த வேலையைச் செய்துவிட முடியும் என்றும் தோன்றவில்லை என்கிறார். அப்போது பேர்பெற்றிருந்த கோம்ப்ரூன் புத்தகத்தைச் சொல்லி, இரண்டு மூன்று முறை வீணாக்கினால் அதைக்கொண்டு ஒருவேளை வரலாம் என்கிறார். தனக்கு அது கைகூடியதற்குக் காரணம் நல்ல அறிவும் உழைப்பும் உள்ள ஒரு வேலையாள் வாய்த்தது என்கிறார். புத்தகத்தைவிட அந்த மனிதரின் அறிவு பெரியது என்று எழுத்திலேயே ஒப்புக்கொள்கிறார். ஆனால் அந்தக் கடிதத்தில் அவர் பெயர் இல்லை. ‘வேலையாள்’, அவ்வளவுதான். அடிமை என்ற சொல்லும் இல்லை. நம் ஊர்ப் பண்ணையார்கள் ‘நம்ம ஆளு’ என்று சொல்வார்களே, அந்தக் குரல் உங்கள் காதில் விழுகிறதா?

1827-இல், ஜெஃபர்சன் இறந்த மறு ஆண்டு, மாளிகையின் மனிதர்களும் மாடுகளும் மேசைகளும் ஏலத்துக்கு வந்தன. பீட்டர் ஹெமிங்ஸுக்கு அப்போது ஐம்பத்தாறு வயதைத் தாண்டியிருக்கும். விடுதலை பெற்றிருந்த உறவினர் ஒருவர் அவரை ஒரு டாலருக்கு வாங்கினார். அதன்பின் சார்லட்ஸ்வில்லில் தையல் வேலை செய்து சுதந்திரமாக வாழ்ந்தார்.

பீட்டர் தனியாளும் இல்லை. வட கரோலினாவிலிருந்து 1808-இல் தப்பிய பாட்சி யங் என்ற அடிமைப் பெண்ணைத் தேடி வெளியான செய்தித்தாள் விளம்பரத்தில் அவர் பீர் தயாரிப்பவர் என்பதும் அடையாளமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. இவரைத் தேடி எடுத்து எழுதியவர் தெரசா மெக்கல்லா என்ற வரலாற்றாய்வாளர். ஜார்ஜ் வாஷிங்டன் 1757-இல் குறிப்பேட்டில் எழுதிவைத்த பீர் செய்முறை மட்டும் நியூயார்க் பொது நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது, பீர் ரசிகர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. எழுதத் தெரிந்தவன் குறிப்பேட்டில் இருக்கிறான். செய்யத் தெரிந்தவள் ஓடிப்போனவளைப் பிடிக்கும் விளம்பரத்தில் இருக்கிறாள்.

இங்கிலாந்திலும் இது நடந்திருக்கிறது. ஜூடித் பென்னட்டின் ‘ஏல், பீர் அண்ட் புரூஸ்டர்ஸ் இன் இங்கிலாந்து’ (1996) என்ற ஆய்வு நூலை மாணவர்கள் கட்டாயம் தேடிப் படியுங்கள். 1300-இல் அந்த வேலை பெரும்பாலும் பெண்களுடையது, வீட்டோடு செய்யும் சில்லறை வருமானம். ஹாப்ஸ் வந்து, பீர் கெடாமல் நின்று, பெரிய அண்டாவும் முதலும் தேவைப்பட்டு, லாபமும் கூடியதும், 1600 வாக்கில் அது ஆண்களின் தொழிலாகிவிட்டது. தொழில் கேவலமானதாக இருக்கும்வரை ஒருவர் கையில், மதிப்பு வந்ததும் வேறொருவர் கையில். தோல் தொழிலைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டுமா?

இனி அந்தப் ‘பதற்றப்படாதே’வுக்கு வருவோம்.

தென்னாப்பிரிக்காவில் சோளமும் மக்காச்சோளமும் முளைகட்டிப் புளிக்கவைத்து உம்கோம்போதி என்ற பீரைக் கறுப்பினப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தயாரித்தார்கள். கலங்கலாக, புளிப்பாக, கஞ்சிபோல இருக்கும். போதை குறைவு. மூதாதையருக்குப் படைப்பதும் அதுதான். நகரங்களுக்குக் கூலிகளாக வந்த ஆண்களுக்கு அதை விற்றுப் பெண்கள் பிழைத்தார்கள், பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். 1908-இல் நேட்டாலில் ஒரு சட்டம் வந்தது. இந்த பீரைத் தயாரித்து விற்கும் ஏகபோக உரிமையை நகராட்சி எடுத்துக்கொள்ளலாம். டர்பன் நகராட்சி உடனே பீர் கூடங்களைத் திறந்தது. அந்த லாபத்தில்தான் கறுப்பினத் தொழிலாளர்களை அடைத்துவைக்கும் விடுதிகளும், அவர்களைக் கண்காணிக்கும் நிர்வாகமும் நடந்தன. தன்னை அடக்குவதற்கான செலவைத் தானே குடித்துக் கட்ட வேண்டும்! ‘டர்பன் முறை’ என்று பேர் வாங்கி மற்ற நகரங்களுக்கும் பரவியது. வெள்ளையர் குடிக்கும் பாட்டில் பீரைக் கறுப்பினத்தவர் வாங்க 1962 வரை தடை.

வீட்டில் தயாரித்த பெண் குற்றவாளி. போலீஸ் வரும் என்று பீப்பாயை மண்ணில் புதைத்துவைத்தாள். போலீஸ் இரும்புக் கம்பியால் மண்ணைக் குத்திக் குத்திப் பார்த்தது. 1959 ஜூனில் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் நகராட்சி ஆட்கள் வீடு வீடாகப் புகுந்து கொட்டிக் கவிழ்த்தபோது பெண்கள் பொறுக்கவில்லை. நேராக நகராட்சி பீர் கூடத்துக்குள் புகுந்து, உள்ளே குடித்துக்கொண்டிருந்த ஆண்களை அடித்து விரட்டி, இருந்த பீரையெல்லாம் கொட்டினார்கள். 1976-இல் சோவெட்டோ மாணவர்கள் எழுந்தபோதும் முதலில் எரிந்தவற்றில் பீர் கூடங்கள் உண்டு. பால் லா ஹவுஸ் எழுதிய ‘புரூவர்ஸ், பீர்ஹால்ஸ் அண்ட் பாய்காட்ஸ்’ (1988) இந்த வரலாற்றைச் சொல்லும் சிறு நூல். எங்கள் வட்டத்தில் எழுந்து நின்ற இரண்டு தோழர்களுக்கும் அதைத்தான் சொன்னோம்: உங்கள் அலமாரியில் வைக்க வேண்டிய பீர் புத்தகம் இது.

கேட்டோ மேனரில் பீப்பாயைப் புதைத்த பெண்ணிடம் போய்ப் பதற்றப்படாதே என்று சொல்ல முடியுமா? செய்முறை ஒன்றுதான். முளைகட்டு, வடி, புளிக்கவிடு. கொலராடோவில் அது பொழுதுபோக்கு, டர்பனில் அது சிறை.

நம் ஊரில்? தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-இலிருந்து இருக்கிறது. அரசு அனுமதி இல்லாமல் எவர் தயாரித்தாலும் குற்றம். 2003-இலிருந்து சில்லறை விற்பனையும் டாஸ்மாக் ஏகபோகம். டர்பன் முறை என்று சொன்னபோது உங்களுக்கு ஏதோ நினைவு வந்திருக்குமே. பக்கத்தில் பெங்களூருக்குப் போனால் மைக்ரோபுரூவரியில் கண்ணாடிக்குப் பின்னால் செப்பு அண்டா தெரிய உட்கார்ந்து, ‘கைவினை பீர்’ என்று சொல்லிக் குடிக்கிறார்கள். வடசென்னையில் சோற்றைப் புளிக்கவைத்துச் செய்கிற சுண்டக்கஞ்சியும் வகையில் பீர்தான், தானியத்தைப் புளிக்கவைப்பது. அதைப் பற்றிப் புத்தகம் தேடினோம். எங்கள் கண்ணில் பட்டதெல்லாம் ‘பறிமுதல்’ என்று முடிகிற செய்திகள். தமிழில் ‘காய்ச்சுறது’ என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் போட்டுக் கட்டிவிட்டோம். அந்தச் சொல்லோடு போலீஸ் ஜீப்பும் சேர்ந்தே வரும்.

இதில் ஒரு குழப்பத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மரக்காணம் எக்கியார்குப்பத்தில் சாவு. அவர்களைக் கொன்றது மெத்தனால், தொழிற்சாலை ரசாயனம். தானியத்தைப் புளிக்கவைத்ததில் ஆளைக் கொல்லும் அளவு மெத்தனால் வராது. ஆலையிலிருந்து கிளம்பிய விஷம் எத்தனை கை மாறி ஒரு பாக்கெட்டுக்குள் வந்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. தொலைக்காட்சியில் கேட்டது வேறு: ‘இந்த மக்கள் ஏன் குடிக்கிறார்கள்?’ செத்தவன் ஒழுக்கத்தை விசாரிக்கிற நாடு இது.

நாங்கள் கள்ளையும் கஞ்சியையும் புனிதமாக்கப் பார்க்கிறோம், அடுத்து ‘பாரம்பரியம்’ என்று கொடி பிடிப்பீர்கள் என்றார் ஒரு தோழர். பயம் நியாயமானதுதான். பாரம்பரியம் என்ற சொல்லை வைத்து நம்மை என்னவெல்லாம் செய்ய வைத்திருக்கிறார்கள் என்று தெரியாதவர்களா நாம்? எங்களுக்கு வேண்டியது பதிவு. புரூக்ளின் மதுவாலையின் தலைமைத் தயாரிப்பாளர் காரெட் ஆலிவர் கறுப்பினத்தவர். ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகத்தின் பீர் கலைக்களஞ்சியத்தை (2011) தொகுத்தவரும் அவரே. தன் தொழிலில் தன்னைப் போன்ற முகங்களே இல்லை என்று 2020-இல் கறுப்பின, பழங்குடி மாணவர்கள் இந்தத் தொழில்நுட்பம் படிக்க உதவித்தொகை தரும் அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கினார். அதற்குப் பீர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் பெயரை வைத்தார். (பாடகர் இல்லை. எங்கள் வட்டத்திலும் எல்லோரும் சிரித்தார்கள்.)

சண்டைக்குப் பிறகு பேசி முடிவெடுத்தோம். பாமர் புத்தகம் வேதியியல் தோழரிடமே இருக்கட்டும், நொதித்தல் பற்றி அடுத்த கூட்டத்தில் அவரே வகுப்பெடுக்கட்டும். எழுந்து நின்ற இரண்டு பேரும் நோட்டும் பேனாவுமாக, ஒரு காலத்தில் சுண்டக்கஞ்சி விற்று மூன்று பெண் பிள்ளைகளைக் கரையேற்றிய ஓர் ஆயாவைப் பார்க்கப் போனார்கள். அவர் இதை விட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இரண்டு மணி நேரம் அரிசி, பானை, வெயில், மழை, மாமூல் எல்லாம் சொன்னாராம். கிளம்பும்போது வாசல்வரை வந்து, நோட்டைக் காட்டிக் கேட்டாராம்:

“இதுல என் பேரு எழுதிக்கினியாப்பா? கேஸு கீஸு ஒண்ணும் வராதே?”