குற்றம் தமிழிலா? நிரலிலா?

‘தமிழ் கணிப்பொறிக்கு ஒத்துவராத மொழி’ என்னும் பொய்யுரை நம் நாட்டில் இன்னும் உலவி வருகின்றது. இதனை ஆங்கிலேயன் சொல்லவில்லை, அமெரிக்கன் சொல்லவில்லை. தமிழ்த்தாயின் பாலுண்டு வளர்ந்து, பொறியியற் கல்லூரியில் பட்டம் பெற்று, நாள்தோறும் நிரலெழுதிப் பொருளீட்டும் தமிழனே சொல்கின்றான். தான் ஆக்கிய மென்பொருளில் தமிழ் சிதைந்து தோன்றும்போது அவன் தன் நிரலை ஐயுறுவதில்லை, மொழியையே ஐயுறுகின்றான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்!

அண்மையில் ஓர் அலுவலகத்தில் நம் கண்முன் நிகழ்ந்ததை உரைப்போம். முதியவர் ஒருவர் உறுப்பினர் அட்டைக்குத் தம் பெயரை ‘வேல்முருகன்’ என்று எழுதிக் கொடுத்தார். மேசைக் கணிப்பொறியில் தட்டச்சிட்ட இளைஞர் பிழையின்றியே தட்டினார். அட்டையோ ‘வேல்முருகன’ என்று வந்தது. புள்ளியைக் காணோம். முதியவர் விரல்வைத்துக் காட்டினார். “ஐயா, கணிப்பொறியில் தமிழ் அப்படித்தான் வரும். வேண்டுமானால் இங்கிலீசில் போட்டுத் தருகிறேன்” என்றார் அவ்விளைஞர். முதியவர் சற்றுத் தயங்கினார், பிறகு தலையசைத்தார். தம் பெயரை ஆங்கிலத்தில் பெற்றுக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அன்பர்களே! அந்தப் புள்ளி எங்கே போயிற்று? அதனைத் தின்றது எது? இதனைத் துருவி ஆய்ந்தால், நம் மொழியின்மீது சுமத்தப்படும் பழிகள் அத்தனைக்கும் விடை கிடைக்கும்.

கணிப்பொறி எழுத்துகளை எண்களாகவே கொள்கின்றது. உலக மொழிகள் அனைத்துக்குமான எண் ஏற்பாடு ஒருங்குறி என்பதாகும். அதில் ‘வே’ என்னும் ஓரெழுத்துக்கு வகரமும் ஏகாரக் குறியுமாக இரண்டு குறியெண்கள். ‘ல்’ என்பதற்கு லகரமும் புள்ளியுமாக இரண்டு. இவ்வாறு எண்ணிப் பார்த்தால் ‘வேல்முருகன்’ என்னும் பெயரில் எழுத்துகள் 6, குறியெண்கள் 11. அம்மென்பொருளை எழுதியவர் பெயருக்கு 10 இடம் போதும் என்று அறுதியிட்டிருக்கின்றார். எழுத்துக் கணக்கில் 6 எழுத்துப் பெயருக்கு 10 இடம் தாராளம். நிரலோ குறியெண்ணை எண்ணிப் பதினோராவதாகிய புள்ளியை வெட்டியெறிந்தது. இதில் தமிழ் செய்த குற்றம் யாது? எதனை எண்ணுகின்றோம் என்று அறியாமல் எண்ணியவர் குற்றமன்றோ இது?

இதற்குத் தீர்வு இல்லையா என்றால், நெடுநாளாகவே உண்டு. பயனர் ஓரெழுத்தாகக் காணும் குறியெண் கூட்டத்தை ஓரலகாகக் கொண்டு எண்ணும் நெறியை ஒருங்குறியே வகுத்துத் தந்திருக்கின்றது. சுவிப்ட்டு என்னும் நிரல்மொழி ‘தமிழ்’ என்னும் சொல்லைத் தானாகவே மூன்றெழுத்து என்று எண்ணுகின்றது. சாவாவிலும் பைத்தானிலும் நீளம் கேட்டால் ஐந்து என்றே விடை வரும். ஆனால் எழுத்தெல்லையை அறியும் கருவிகள் அவற்றுக்கும் உண்டு. ஐ.சி.யு. என்னும் பன்னாட்டு நிரலகம் விலையின்றிக் கிடைக்கின்றது. வெட்டவேண்டிய இடத்தில் எழுத்தெல்லை பார்த்து வெட்டுக. தரவுத்தளத்தில் இடம் ஒதுக்கும்போது, யு.டி.எப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் 3 பைட்டு கொள்ளும் என்பதை நினைவிற்கொள்க. வேல்முருகனுக்கு 33 பைட்டு வேண்டும். இவ்வளவுதான் செய்தி.

இரண்டாம் சிதைவைப் பார்ப்போம். ‘கொடி’ என்று தேடினால் ‘இல்லை’ என்கின்றது மென்பொருள். பட்டியலிலோ ‘கொடி’ கண்ணெதிரே நிற்கின்றது. ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. எண்ணை மட்டும் ஒப்பிடும் நிரலுக்கோ இரண்டும் வேறு வேறு. இதனால் ஒருவருடைய பெயரே இருவர் பெயராகப் பதிவாகும். ஒருவர் ஆவணம் மற்றொருவருடையதாகக் கருதப்படும். இரண்டையும் ஒருவடிவாக்கும் இயல்பாக்க முறை ஒருங்குறியில் உள்ளது. என்.எப்.சி. என்பது அதன் பெயர். பதியும்போதும் தேடும்போதும் ஒரு வரி நிரலால் அதனை அழைத்தால் இச்சிக்கல் தீர்ந்தது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. ‘மௌவல்’ என்பதில் ஔகாரக் குறியை இடாமல், கொம்பையும் ளகர எழுத்தையும் தட்டுவோர் பலர். பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினும் இது மெய்யான எழுத்துப் பிழை. இயல்பாக்கம் இதனைத் திருத்தாது. திருத்துகிறேன் என்று கிளம்பி, கொம்பும் ளகரமும் வரும் இடமெல்லாம் ஔகாரமாக மாற்றினால், ‘மெள்ள’ என்னும் நற்றமிழ்ச் சொல் கெட்டொழியும். ஆகவே பயனரிடம் காட்டி, ஒப்புதல் பெற்றே திருத்தல் வேண்டும். தமிழறியாத நிரலாளர்க்கு இந்நுட்பம் தோன்றாது. நிரலறிவும் மொழியறிவும் ஓரிடத்தே கூடவேண்டும் என்று நாம் வற்புறுத்துவதன் கரணியம் இதுதான்.

மூன்றாவது, வரிசைக் கேடு. பலா முன்னும் பனை பின்னும் வருவது அகரமுதலியின் நெறி. லகரத்துக்குப் பிந்தியது னகரம். ‘பக்கம்’ முன்னும் ‘பகல்’ பின்னும் வரவேண்டும். மெய்க்குப் பின்னரே உயிர்மெய். குறியெண்ணைக் கொண்டு வரிசைப்படுத்தும் மென்பொருளோ பனையை முன்னே தள்ளுகின்றது. பகலையும் முன்னே தள்ளுகின்றது. இக்கேடு எங்கிருந்து வந்தது? இந்திய மொழிகட்கு 1988-இல் வகுக்கப்பட்ட இசுக்கி என்னும் குறியேற்றத்தின் அமைப்பையே, 1991-இல் வெளிவந்த ஒருங்குறி பின்பற்றியது. தேவநாகரிக்கு வரைந்த கட்டத்துக்குள் தமிழெழுத்துகள் அமர்த்தப்பட்டன. அதனால் இறுதி எழுத்தாகிய னகரம் நகரத்தின் பக்கத்தில் போய் அமர்ந்தது. றகரம் ரகரத்தின் அருகே ஒட்டிக்கொண்டது. வகரம் ழகரத்துக்கும் பின்னே தள்ளப்பட்டது. தமிழின் நெடுங்கணக்கு அறியப்படாத ஓரிடத்தில் தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டது என்பது மறுக்கவொண்ணா உண்மை. நமக்கும் அதில் தீராத மனக்குறை உண்டு.

ஆனால், தமிழ் நிரலாளனே! அக்குறையைச் சொல்லி நீ தப்பிக்க இயலாது. குறியெண் வரிசை வேறு, அகரமுதலி வரிசை வேறு என்பதை ஒருங்குறியே ஒப்புக்கொண்டு, வரிசையாக்கத்துக்கெனத் தனிநெறி வகுத்திருக்கின்றது. ஐ.சி.யு. நிரலகத்தில் தமிழுக்கென்றே வரிசை நெறி இருக்கின்றது. நிரலில் தமிழ் என்று மொழியைக் குறித்து அதனை அழைத்தாயா? அழைத்தபின் பலா–பனை, பக்கம்–பகல் என்னும் இரண்டு இணைகளை இட்டு ஆய்ந்து பார்த்தாயா? எதுவும் செய்யாமல் ‘ஒருங்குறி சரியில்லை’ என்று கைவிரிப்பது சோம்பலுக்குப் போர்த்திய போர்வை.

நான்காவது, தமிழெழுத்து கேள்விக்குறிகளாக மாறுவது. இதில் இருவகை உண்டு, பிரித்தறிதல் வேண்டும். கோப்பைத் திறந்ததும் மேற்கோடும் கீழ்க்கோடும் கொண்ட அயலெழுத்துகள் நிரம்பித் தோன்றினால் அஞ்ச வேண்டா. தமிழ் அழியவில்லை, படிக்கும் முறையே பிழை. எதனையும் மாற்றிப் பதியாமல் மூடி, யு.டி.எப்.-8 என்று குறித்துத் திறந்தால் தமிழ் மீண்டு நிற்கும். ‘தமிழ்’ இருந்த இடத்தில் ஐந்து கேள்விக்குறிகள் நின்றால் அது வேறு. தமிழுக்கு இடமே இல்லாத பழைய குறியேற்றத்தில் கோப்பு பதியப்பட்டுவிட்டது. அக்கோப்பிலிருந்து தமிழை மீட்கவே இயலாது. படிக்கும்போதும் எழுதும்போதும் குறியேற்றத்தின் பெயரை வெளிப்படையாகக் குறிப்பிடும் ஒரு சிறு பழக்கம் இவ்விரண்டையும் தடுக்கும். அப்பழக்கம் இன்மையால் எத்தனை பெயர்ப்பட்டியல்கள், எத்தனை நூற்றொகுதிகள் பாழாயினவோ!

ஐந்தாவது, ‘பெயரில் எழுத்துகள் மட்டுமே இருக்கலாம்’ என்று சொல்லித் தமிழ்ப்பெயரைத் தள்ளிவிடுவது. பைத்தானுடன் வரும் சொற்கோல நிரலகத்திடம் ‘தமிழ்’ என்னும் சொல்லைக் கொடுத்துப் பாருங்கள். இகரக் குறியும் புள்ளியும் அதற்கு எழுத்தாகத் தோன்றுவதில்லை. ‘தம’ என்றும் ‘ழ’ என்றும் சொல்லை இரண்டாக அறுத்துப் போடுகின்றது. மெய்யெழுத்துக்குப் புள்ளியே அடையாளம் என்று தொல்காப்பியம் வகுத்த மொழியில், புள்ளி எழுத்தின் உறுப்பன்று என்று சொல்ல ஒரு நிரலுக்கு என்ன உரிமை? சார்ந்துவரும் குறிகளையும் எழுத்தாக ஏற்கும் மாற்று நிரலகம் உண்டு. அதனைக் கொள்க, அல்லது பெயரில் இன்னின்ன எழுத்துத்தான் வரலாம் என்னும் வேண்டாத காவலை அகற்றுக.

ஆறாவது, சொற்களை ஒட்டுவது. ஆங்கிலத்தில் ஊர்ப்பெயருக்கு முன்னே ஒரு சொல்லை வைத்தால் தொடர் அமைந்துவிடும். அதே முறையில் ஊர்ப்பெயரோடு ‘இல்’ என்பதை ஒட்டி ‘மதுரைஇல்’, ‘ஏற்காடுஇல்’ என்று அச்சிடுகின்றார்கள். மதுரையில் என்பதும் ஏற்காட்டில் என்பதும் பள்ளிப்பிள்ளைக்குத் தெரியும். புணர்ச்சி அறிந்து ஒட்டும் நிரலை எழுதுக. இயலாவிடின் ‘ஊர்: மதுரை’ என்று தொடரையே மாற்றியமைக்க. ஆங்கிலச் சொல்லுக்கு அளந்த பொத்தானுக்குள் தமிழ்ச்சொல்லை அடைத்துப் பாதியை மறைப்பதும் இதே வகையைச் சார்ந்ததுதான். சொல்லின் நீளத்துக்கேற்பப் பொத்தான் விரியுமாறு அமைக்க இன்றைய சாளரக் கருவிகள் அனைத்திலும் வழி உண்டு.

இனி நம்மவரையும் நாம் கேட்கவேண்டியது இருக்கின்றது. கசப்பாயினும் சொல்லியே ஆகவேண்டும்.

எழுத்துருவுக்கொரு குறியேற்றம் என்று சிதறிக்கிடந்த நாளில், 1999-ஆம் ஆண்டு சென்னை மாநாட்டின் பயனாக டாம், டாப் என்னும் குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் அரசால் ஏற்கப்பட்டன. விண்டோசு 2000 இயங்குதளத்தில் ஒருங்குறித் தமிழும் லதா எழுத்துருவும் வந்தன. 2010-இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியையும், அது இயங்காவிடத்துக்கு மாற்றாகத் தமிழ் அனைத்தெழுத்து 16 நுண்மிக் குறியேற்றத்தையும் ஏற்று ஆணை பிறப்பித்தது. பின்னதில் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனியிடம் உண்டு. கருத்தளவில் அது செம்மையானதே. ஆனால் அதுதான் வரவேண்டும், வந்தபின்தான் வேலை செய்வோம் என்று காத்திருந்தவர்கள் எதனைச் செய்தார்கள்? மேடையில் முழங்கினார்கள்; மலர் வெளியிட்டார்கள். அந்த முதியவரின் பெயரிலிருந்து விழுந்த புள்ளியை எடுத்து வைக்க ஒருவரும் குனியவில்லை. ஒருங்குறியில் ஒருமுறை ஒதுக்கிய எழுத்தை இடம்பெயர்ப்பதில்லை என்பது அவ்வமைப்பின் உறுதிப்பாடு. ஆகவே, இருக்கின்ற ஏற்பாட்டின்மீதே செம்மையான நிரல் எழுதுவது ஒன்றே இன்று நம் கையில் உள்ள வழி. அவ்வழி திறந்தே கிடக்கின்றது.

தமிழ் இளைஞர்களே! நீங்கள் எந்த மென்பொருளை ஆக்கினாலும், வெளியிடுமுன் இவற்றை இட்டுப் பாருங்கள். ‘வேல்முருகன்’ புள்ளி குன்றாமல் பதிவாகின்றதா? இருவகையில் தட்டிய ‘கொடி’ ஒரே தேடலில் அகப்படுகின்றதா? பலாவுக்குப் பின் பனையும், பக்கத்துக்குப் பின் பகலும் நிற்கின்றனவா? கோப்பை மூடித் திறந்தபின் ‘தமிழ்’ தமிழாகவே இருக்கின்றதா? ‘மெள்ள’ மெள்ளவாகவே இருக்கின்றதா? ஒரு பிற்பகலில் செய்து முடிக்கக்கூடிய ஆய்வு இது. பிறர் ஆக்கிய மென்பொருளில் பிழை கண்டால், எந்தச் சொல்லை இட்டீர்கள், என்ன வந்தது, என்ன வரவேண்டும் என்று மூன்று வரியில் எழுதி ஆக்கியோர்க்கு அனுப்புங்கள். திருத்தும்வரை விடாமல் எழுதுங்கள்.

தமிழ்மக்களே! ‘கணிப்பொறியில் அப்படித்தான் வரும்’ என்று எவர் சொன்னாலும் தலையசைத்துவிட்டு வராதீர்கள். “வராது என்பது பொய், உங்கள் மென்பொருளைத் திருத்துங்கள்” என்று சொல்லுங்கள். உங்கள் பெயர் உங்களுடையது. அதன் கடைசிப் புள்ளிவரை அது உங்களுடையது. அப்புள்ளியைக் கேட்டு வாங்காமல் படியிறங்காதீர்கள்!