அடித்தவன் டீக்கடையில் இருக்கும்போது எது நோய்?

“நடந்த சம்பவம் வேண்டாமலே திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறதா?”

பொம்மிடிக்குப் பக்கத்தில் ஒரு காலனி. சாதிவெறியர்களிடம் அடிபட்ட குடும்பத்துப் பெரியம்மாவிடம், தமிழில் பெயர்த்த மனநலப் பட்டியலை வைத்துக்கொண்டு இப்படிக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். “மறந்தாத்தானே கண்ணு நெனப்பு வர்றதுக்கு? அடிச்சவன் தெனமும் டீக்கடையிலதான் ஒக்காந்திருக்கான்.”

எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது? நானும் இப்படியொரு காலனியில் பிறந்தவன்தான். ஆனாலும் கேள்வியில் கோளாறு இருக்கிறது என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை.

அந்தப் பட்டியல் தேடுவது அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறை, சுருக்கமாக பிடிஎஸ்டி. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இது இடம்பெற்றதற்கு, வியட்நாம் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களின் துயரம் முக்கியக் காரணம். வீரர் வீடு திரும்பிவிட்டார். போர் அவர் மனதுக்குள் தொடர்கிறது. பட்டியலின் அச்சு இதுதான். இன்று பரவலாகப் பயன்படும் பிசிஎல்-5 பட்டியலில் 20 கேள்விகள். சம்பவத்தை நினைவூட்டும் இடங்களைத் தவிர்ப்பதும், எப்போதும் உஷாராக இருப்பதும் அதில் நோய்க்குறிகள். ஊர்த்தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போகும் காலனிப் பெண்ணுக்கு அது நோய்க்குறியா, உயிர்பிழைக்கும் வழியா?

பட்டியலை மக்களின் வாழ்விலிருந்து உருவாக்க முடியும். ஜிம்பாப்வேயில் ஷோனா மக்கள் தங்கள் மனத்துயரைச் சொல்லும் சொற்களைக் கொண்டே விக்ரம் படேலும் அவரது குழுவினரும் 1997இல் 14 கேள்விகள் கொண்ட பட்டியலை வெளியிட்டார்கள். நம்மிடமும் சொற்கள் இருக்கின்றன: “மனசு பாரமா இருக்கு”, “நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது”, “கை கால் ஓஞ்சு போச்சு”, “ஒரே யோசனை”. இவற்றைக் கேட்கத் தெரியாத மருத்துவமனையிலிருந்து அந்தப் பெண் வலி மாத்திரையோடு திரும்புகிறார். போரின் காயம் தனிமனிதரோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே சிதைக்கிறது என்பதை யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் விரிவாக எழுதியிருக்கிறார்.

ஆனால் “பண்பாட்டுக்கு ஏற்ற பட்டியல்” என்றால், யாருடைய பண்பாடு? தமிழ்ப் பண்பாடு என்று ஒற்றையாகச் சொல்லும்போது ஊரும் சேரியும் ஒன்றாகிவிடுகின்றன. மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கும் நிபுணர் குழுவில் சேரியிலிருந்து எத்தனை பேர்? கேள்வி கேட்கப் போகிறவர் எந்தத் தெருக்காரர்? ஆதிக்கச் சாதிக்காரர் எதிரில் உட்கார்ந்து கேட்டால், “ஒண்ணுமில்லைங்க, நல்லாதான் இருக்கேன்” என்ற பதில்தான் வரும். அந்தப் பதிலுக்கும் பட்டியலில் பூஜ்ஜியம் என்று ஒரு மதிப்பெண் உண்டு!

எங்கள் மாவட்டத்தையே பாருங்கள். 1992 ஜூன் 20 அன்று வாச்சாத்தியில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்து பழங்குடி மக்களைச் சூறையாடினார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கினார்கள். தண்டனைத் தீர்ப்பு வந்தது 2011இல். உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023இல். இந்த 31 ஆண்டுகளில் அந்தப் பெண்களுக்கு “அதிர்ச்சிக்குப் பிந்தைய” காலம் எந்த நாளில் தொடங்கியது? 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் வீடுகள் எரிக்கப்பட்டன. எரித்த கும்பல் வேற்றுநாட்டுப் படையல்ல, சுற்றுப்புறத்து மனிதர்கள்.

இதனால் மருத்துவமே வேண்டாம் என்று சொல்லவில்லை. “இது சமூகப் பிரச்சினை, மாத்திரை எதற்கு?” என்று தூக்கமில்லாத பெண்ணிடம் நாம் சொன்னால் அதுவும் அநீதிதான். அவருக்குச் சிகிச்சை வேண்டும், வழக்கும் நடக்க வேண்டும். மருத்துவம் அவருடைய பயம் முழுவதையும் நோய்க் கணக்கில் எழுதிவிடக் கூடாது, அவ்வளவுதான். ஆபத்து இன்னும் இருக்கிறதா என்பதைப் பட்டியல் தனியாகக் கேட்டுப் பதிய வேண்டும். கேள்விகளை எழுதுவதிலும் கேட்பதிலும் பாதிக்கப்பட்ட மக்கள் இருக்க வேண்டும்.

பெரியம்மாவுக்கான கட்டத்தை அன்று காலியாகவே விட்டேன். அவர் சொன்னதை ஓரத்தில் எழுதிக்கொண்டேன். இப்போது நான் தயாரித்துவரும் பட்டியலின் முதல் கேள்வி அதிலிருந்து வந்ததுதான்: “உங்களை அடித்தவர் இன்னும் உங்கள் கண்ணெதிரில் நடமாடுகிறாரா?”