அறிதலும் அடங்குதலும்

ஒருவன் தகாத செயலொன்றைச் செய்துவிட்டால், "அவனுக்கு மூளையில்லையா?" என்று கடிந்துரைப்பது நம்மவர் வழக்கம். இவ்வினாவிற்கு விடையை எவரும் எதிர்பார்ப்பதில்லை. இஃது ஒரு வசைமொழியே. ஆயினும், இதனை உண்மை வினாவாகவே கொண்டு ஆராயப் புகுந்தால், நாம் பிறரைப் பழிக்கும் முறையும், நம்மை நாமே ஆளும் முறையும், சட்டம் குற்றத்தை அளக்கும் முறையும் ஒருங்கே ஆராய்தற்கு உரியனவாகின்றன. நல்லது இன்னது, தீயது இன்னது என்று அறிவது வேறு. அறிந்தபடி அடங்கி நடப்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதனாலேயே உலகில் பல தீர்ப்புக்கள் நடுவினின்றும் வழுவுகின்றன என்பது நம் கருத்து.

இதற்குப் பழஞ்சான்றாக நிற்பவன் பினியஸ் கேஜ் என்னும் அமெரிக்கன். 1848-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 13-ஆம் நாள், வெர்மாண்ட் மாகாணத்துக் கேவண்டிஷ் என்னும் ஊரருகே, இருப்புப்பாதை அமைப்பதற்காகப் பாறையைப் பிளக்கும் வேலை நடந்தது. 25 வயதினனாகிய கேஜ் அவ்வேலையாட்களுக்கு மேஸ்திரி. துளையில் இட்ட மருந்து எதிர்பாராது வெடிக்கவே, மூன்றரை அடிக்கு மேற்பட்ட நீளமும் 13 பவுண்டுக்கு மேற்பட்ட நிறையும் உடைய இரும்புக்கோல் அவனது இடக்கன்னத்திற் புகுந்து, மூளையின் முற்பகுதியைக் கிழித்து, உச்சந்தலை வழியே வெளிப்போந்தது. வியப்பு யாதெனில், அவன் சில நிமிடங்களிற் பேசினான். மாட்டு வண்டியில் நிமிர்ந்தமர்ந்து ஊர் சேர்ந்தான். மருத்துவர் ஜான் ஹார்லோவின் பேணுதலால் உயிரும் பிழைத்தான்.

பேச்சும் நினைவும் கைகால் வலியும் பெரிதும் குன்றாதிருந்தும், அவன் பழைய கேஜ் அல்லன் என நண்பர் கண்டனர். முன்னர்ப் பொறுமையும் திறமையும் மிக்கவனென மதிக்கப்பெற்றவன், பின்னர் நிலையற்ற எண்ணத்தனாய், பிறர் அறிவுரை பொறாதவனாய், தகாச்சொல் வழங்குபவனாய் மாறினான் என ஹார்லோ 1868-இல் எழுதினார். பழைய மேஸ்திரி வேலையும் அவனுக்குக் கிடைத்திலது. அறிவு நின்றது, அதனை ஆளும் கடிவாளம் அறுந்தது.

இவ்வொரு செய்தியை மட்டும் கொண்டு நாம் முடிவு கூறவில்லை. 1994-இல் அயோவா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பெச்சாரா, டமாசியோ முதலியோர் ஒரு சீட்டாட்டச் சோதனையை வெளியிட்டனர். நான்கு சீட்டுக்கட்டுக்களுள் இரண்டு உடனே பெரும்பொருள் தருவனபோல் தோன்றி, ஈற்றில் இழப்பையே தருவன; மற்றை இரண்டு சிறுகத் தந்து, ஈற்றில் ஆதாயம் தருவன. நலமுடையோர் ஆடிப்பழகித் தீய கட்டுக்களை விட்டு விலகினர். மூளை முற்பகுதியின் அடிப்புறம் சிதைந்தோரோ, இழப்பைக் கண்ட பின்னும் அவற்றையே நாடினர். அவருட் சிலர் எக்கட்டுத் தீயது என்பதைச் சொல்லவும் வல்லராயிருந்தனர். சொல்ல வல்லவர், விட வல்லரல்லர்!

தமிழ் பயில்வார்க்கு இவ்வேற்றுமை முற்றிலும் புதிதன்று. பொருள்வயிற் பிரிந்த தலைவனொருவன், ஊர் திரும்புக என உள்ளமும், வினையை முடிக்க என அறிவும் தன்னை இருபாலும் ஈர்ப்பதாகக் கூறி வருந்தும் பாட்டு நற்றிணையில் உண்டு. அறிவொன்றே மனிதனை ஆள்வதாயின், அவ்வருத்தம் எழாதன்றோ?

இனி, இளைஞராகிய நம்மைப் பற்றியும் ஒரு சொல். மூளையின் முற்பகுதி ஏனைப் பகுதிகளுக்குப் பிந்தியே முதிர்கின்றது என்றும், அம்முதிர்ச்சி இருபது வயதிற்குப் பின்னரும் சில ஆண்டுகள் தொடர்கின்றது என்றும் அறிஞர் கூறுவர். இன்பத்தையும் புகழையும் நாடித் தூண்டும் பகுதிகளோ முன்னரே விழித்துக்கொள்கின்றன. 2005-இல் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்னும் இருவர், கார் ஓட்டுவது போன்றதொரு விளையாட்டால் இதனைச் சோதித்தனர். நண்பர் உடனிருந்தபொழுது பதின்பருவத்தாரும், 18 முதல் 22 வயது வரையுள்ளோரும் தனித்திருந்தபொழுதினும் மிகுதியாகத் துணிந்தனர். மூத்தோரிடம் அவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றவில்லை. பத்தொன்பது வயதினராகிய நாம் இச்செய்தியைப் படித்து நகைத்து அகல்வதற்கில்லை. நம் துணிவுள் எவ்வளவு நம்முடையது, எவ்வளவு கூட்டத்தினுடையது என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சட்டமோ பெரும்பாலும் அறிதலையே அளக்கின்றது. மனநலம் குன்றியோன் தன் செயலின் தன்மையையாவது, அது தவறு அல்லது சட்டத்திற்கு மாறானது என்பதையாவது அறிய இயலாதவனாயிருந்தானா என்பதே, 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவு கேட்ட கேள்வி. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவும் அதனையே கேட்கின்றது. 2015-ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டம், கொடுங்குற்றம் சாட்டப்பெற்ற 16 வயது நிரம்பிய சிறுவனை வயதுவந்தோர்போல் விசாரிக்கலாமா என்று துணியுமுன், அவனது மன, உடல் ஆற்றலையும், விளைவை உணரும் திறத்தையும், சூழ்நிலையையும் ஆராயச் சொல்கின்றது. இவ்விரண்டாவது சட்டம் ஒருபடி மேலேறியது உண்மை. ஆயினும், அடங்கும் ஆற்றல் அவனிடத்து முதிர்ந்துள்ளதா என்னும் வினா அங்கும் வெளிப்படையாக இல்லை. அவ்வினாவையும் சேர்த்துக் கேட்பதே நீதி என்போம்.

"அங்ஙனமாயின், ஒவ்வொரு குற்றவாளியும் தன் மூளைமேற் பழியைப் போட்டுத் தப்புவானே!" என்று சிலர் தடை நிகழ்த்தக்கூடும். தடை வலியுடையது, ஆயினும் விடையுண்டு. தலையிற் காயமுற்றோருட் பெரும்பாலோர் குற்றம் புரிவதில்லை. இளைஞருட் பெரும்பாலோரும் அங்ஙனமே. ஆகவே, மூளையின் குறை ஒருவனைத் தீமைக்கு இழுத்துச் செல்லும் சங்கிலியன்று. ஏறுவார்க்குப் படியைச் செங்குத்தாக்கும் தடையே. தடை பெரிதாயின், பழியின் அளவு குறைதல் வேண்டும். முற்றும் ஒழிதல் வேண்டுவதில்லை. தண்டத்தை நிறுக்குங்கால் மருத்துவர் சான்றையும் தட்டில் இடுக என்கின்றோமேயன்றித் துலாக்கோலையே எறிக என்கின்றோமில்லை.

கேஜின் கதையைக் கூறுவோர் பலர் அதன் பிற்பகுதியை விட்டுவிடுகின்றனர். அவன் 1852-இல் சிலி நாடு சென்று, அங்குப் பல ஆண்டுகள் ஆறு குதிரைகள் பூட்டிய பயண வண்டியை ஓட்டிப் பிழைத்தான், 1860-இல் இறந்தான். நாடோறும் குறித்த வேளையில் எழுந்து, குதிரைகளைப் பேணி, குறித்த வழியே வண்டி செலுத்தும் ஒழுங்கு, உள்ளே அறுந்த கடிவாளத்திற்கு ஈடாகப் புறத்தே ஒரு கடிவாளமாய் அமைந்தது போலும் என்று இக்கால ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவது நமக்கும் பொருத்தமாகவே தோன்றுகின்றது. சினந்து ஒதுக்கினால் கெடுபவன், ஒழுங்கான பணியொன்றைத் தந்தால் தேறவும் கூடும்.

ஆதலின், தோழர்காள், விபத்திற்குப்பின் குணம் மாறிய ஒருவர் நம் இல்லத்திலோ வகுப்பிலோ இருப்பின், அவரைத் திமிர் பிடித்தவர் என்று தூற்றுமுன் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். அவருக்கேற்ற ஒழுங்கை உடனிருந்து அமைத்துக் கொடுப்போம். இருசக்கர வண்டி ஏறுமுன் தலைக்கவசம் அணிவோம். அது காப்பது மண்டையோட்டை மட்டுமன்று, நம் குணத்தையுங்கூட. நம் இளமையை நமக்குச் சாக்காகச் சொல்லாது, பிறரை எடைபோடும்போது மட்டும் அதனை நினைவிற் கொள்வோம். தன்னிடத்துக் கண்டிப்பும் பிறரிடத்துப் பொறுமையும் என்னும் பழைய அறத்திற்கு, மூளையைப் பற்றிய இப்புதிய அறிவு வலுவூட்டுவதாகுக.