ஐந்தாம் பாகத்தையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும்

பதிவு நீளம்தான். பூண்டுக் காட்டு வேலை, சமையல் வேலை எல்லாம் முடித்துவிட்டு இரவு சாவகாசமாகப் படியுங்கள். பாதியில் விட்டவர்கள் பின்னூட்டம் போட வேண்டாம்.

நம் ஊர்ப் பள்ளிக்கூட அலமாரிக்குப் புத்தகம் வாங்கிக் கொடுப்பதென்று பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் பணம் சேர்க்கிறீர்கள். மனசு நிறைந்தது. பட்டியலில் முதல் பெயர் கல்கியின் 'பொன்னியின் செல்வன்'. அதிலும் மகிழ்ச்சிதான். ஆனால் நான்கு நாளாக அந்தக் குழுவில் நடக்கிற வாக்குவாதத்தைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

நடந்தது இதுதான். திருப்பூரில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் ஐந்து பாகத்தையும் முழுசாகப் படித்து முடித்துவிட்டு எழுதினான்: "முதல் நாலு பாகமும் பறந்துச்சு டீச்சர். அஞ்சாம் பாகம் நகரவே இல்ல. புயல், வெள்ளம், அழுகை. ஒரே இழுவை." உடனே கோவையில் நர்ஸாக இருக்கிற பெண் பதில் போட்டாள்: "எனக்கு அஞ்சாவதுதான் உயிர். கடைசி அத்தியாயம் படிச்சிட்டு அன்னிக்கு யார்கிட்டயும் பேசல." இன்னொருவன், "படம் ரெண்டும் பார்த்தாச்சு, கதை தெரியும், போதும்" என்றான். வேறொருவன் முதல் தம்பியைப் பார்த்து, "கல்கியைக் குறை சொல்ல நீ யாரு? நீயெல்லாம் தமிழனா?" என்று எகிறினான். கடைசியில் விவரமான ஒருவர் வந்து பஞ்சாயத்து பண்ணினார்: "சண்டை எதுக்கு? சுருக்கப் பதிப்பு ஒரே புத்தகமா கிடைக்குது. மலைப் பிள்ளைங்களுக்கு அது போதும்." அதற்குப் பதினேழு கட்டைவிரல்.

அந்தப் பதினேழு கட்டைவிரலுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

முதலில் கணக்கைச் சரியாகப் போடுவோம். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வாராவாரம் வந்த தொடர்கதை. மொத்தம் 293 அத்தியாயம். புது வெள்ளம் 57, சுழற்காற்று 53, கொலை வாள் 46, மணிமகுடம் 46, தியாகச் சிகரம் 91. ஐந்தாம் பாகம் நான்காம் பாகத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நீளம் என்று சொன்ன தம்பி பொய் சொல்லவில்லை.

அந்தக் காலத்து வாசகர்கள் மூன்றரை வருஷம் இதழுக்காகக் காத்திருந்து படித்தார்கள். மணியம் வரைந்த படங்களோடு தாள்களைப் பிரித்தெடுத்து, பைண்டு பண்ணி, வீட்டுக்கு வீடு கைமாற்றிப் படித்தார்கள். கதை முடிந்தபோது அவர்களுக்கும் மனக்குறை இருந்தது. என்ன குறை தெரியுமா? முடிந்துவிட்டதே என்ற குறை! அவர் என்ன ஆனார், இவருக்குக் கல்யாணம் நடந்ததா என்று கேள்வி மேல் கேள்வி. அதற்காகக் கல்கி தனியாக ஒரு முடிவுரையே எழுத வேண்டி வந்தது. புத்தகத்தின் கடைசியில் இன்றைக்கும் இருக்கிறது, பாருங்கள். அன்றைக்குப் போதவில்லை என்று கேட்டார்கள். இன்றைக்கு அதே 91 அத்தியாயம் நமக்கு அதிகமாகிவிட்டது. புத்தகம் அப்படியேதான் இருக்கிறது.

நேரமில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். மாமியார் மருமகள் சண்டையை ஆயிரம் எபிசோடு தாண்டியும் விடாமல் பார்க்கிற வீடுகள் நம் சொந்தத்திலேயே உண்டு. பெயர் சொல்லமாட்டேன், அவர்களுக்கே தெரியும். அங்கே யாரும் இழுவை என்று டிவியை அணைத்ததாக எனக்குத் தகவல் இல்லை.

சரி, அந்த 91 அத்தியாயத்தில் கல்கி என்னதான் செய்கிறார்? (படிக்காதவர்கள் அடுத்த ஐந்து பத்திகளைத் தாண்டிப் போங்கள். கதை உடைந்துவிடும்.)

நான்கு பாகம் வரைக்கும் எல்லோரும் ஒரு கிரீடத்தைத் துரத்துகிறார்கள். சதி, ஓலை, சுரங்கப்பாதை, குதிரை. கதை பறக்கத்தான் செய்யும். ஐந்தாம் பாகத்தில் அவரவர் செய்ததற்கு அவரவர் பதில் சொல்கிறார்கள். அதற்கு நேரம் பிடிக்கும். ஒரு பொருளுக்கு ஆசைப்பட ஒரு நிமிஷம் போதும். அதைக் கையிலிருந்து விட எத்தனை வருஷம் ஆகும் என்று அண்ணன் தம்பி நிலத் தகராறு பார்த்த உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா?

பெரிய பழுவேட்டரையரைப் பாருங்கள். நாட்டையே ஆட்டிவைத்த மனிதர். கொள்ளிட வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு, இடிந்த பள்ளிப்படைக்குப் பக்கத்தில் கிடந்து, சதிகாரர்கள் பேசுவதைக் கேட்டு, தான் உயிராக நினைத்த மனைவி எதற்காகத் தன் வீட்டுக்கு வந்தாள் என்று தெரிந்துகொள்கிறார். அந்தக் கிழவர் உடைவதை "பழுவேட்டரையர் உண்மையை அறிந்தார்" என்று சுருக்கத்தில் எழுதிவிடலாம். மூன்று சொல். அவமானம், கோபம், பாசம் எல்லாம் ஒரே நெஞ்சில் மோதுவதை அந்த மூன்று சொல்லில் எந்தப் பிள்ளை உணரும்?

புயல், வெள்ளம் அலுப்பாக இருக்கிறதாம். நம் ஊர்ப் பிள்ளைகள் இதைச் சொல்லலாமா? 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறி, சமவெளியைக் கடந்து, நம் கொடைக்கானல் மலைக்கும் வந்தது. மரம் சாய்ந்து, மண் சரிந்து, பாதை அடைபட்டு, கரண்ட் இல்லாமல் கிடந்ததை மறந்துவிட்டீர்களா? கல்கி ஐந்தாம் பாகத்தில் காட்டுவதும் நாகப்பட்டினத்தில் கடல் பொங்குவதைத்தான். அருள்மொழிவர்மர் இளவரசராக மேடையில் நின்று ஜனங்களிடம் பேர் வாங்கவில்லை. வெள்ளத்துக்கு நடுவில் கூட நின்று வாங்குகிறார். அந்த அத்தியாயங்களை வெட்டிவிட்டால், ஜனங்கள் ஏன் அவரைத்தான் ராஜாவாகக் கேட்டார்கள் என்பதே புரியாது. அது புரியாவிட்டால், அவ்வளவு பேர் கேட்டும் கிரீடத்தை இன்னொருவர் தலையில் அவர் வைப்பதன் கனமும் தெரியாது. இது கல்கியின் கற்பனை மட்டுமில்லை. சித்தப்பாவுக்கு ஆசை இருக்கும் வரை தனக்கு ராஜ்யம் வேண்டாம் என்று அருள்மொழி ஒதுங்கியதைத் திருவாலங்காட்டுச் செப்பேடே சொல்கிறது.

அப்புறம் மணிமேகலை. கடம்பூர்ச் சம்புவரையர் வீட்டுச் சின்னப்பெண். வந்தியத்தேவன் மேல் கொலைப்பழி விழக்கூடாது என்பதற்காக, "நான்தான் கொன்றேன்" என்று சொன்னவள். இவ்வளவு பெரிய சோழ சாம்ராஜ்யக் கதையின் கடைசி அத்தியாயத்தைக் கல்கி எந்த ராஜாவுக்கும் கொடுக்கவில்லை. அவளுக்குக் கொடுத்தார். 'மலர் உதிர்ந்தது' என்று பெயர். அரண்மனைச் சூதெல்லாம் முடிந்த பிறகு, அதில் எந்த லாபமும் தேடாத ஒருத்தியின் தலைமாட்டில் நம்மை உட்காரவைத்துக் கதையை முடிக்கிறார். கோவைப் பெண் பேசாமல் இருந்தது இதனால்தான்.

படம் பார்த்தால் போதும் என்ற பிள்ளைக்குச் சொல்கிறேன். 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் வந்த மணிரத்னத்தின் இரண்டு படத்திலும் இந்த மணிமேகலை கிடையாது. குறைப்பட்ட முகமாகக்கூட இல்லை, அந்தப் பாத்திரமே இல்லை. யார் தலையில் கிரீடம் ஏறுகிறது என்பதில் கல்கி வைத்திருக்கும் முடிச்சும் படத்தில் இல்லை. டைரக்டரைத் திட்டவில்லை. ஐந்தரை மணி நேரத்துக்குள் அடக்க வேண்டியவருக்கு எதையாவது விடத்தான் வேண்டும். ஆனால் "கதை தெரியும்" என்று மட்டும் சொல்லாதே கண்ணு. உனக்குப் படம் தெரியும்.

இனி, "நீயெல்லாம் தமிழனா" என்று கேட்டவருக்கு. தம்பி, உன் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். 293 அத்தியாயத்தையும் படித்தவன் குறை சொல்கிறான். நீ எத்தனை படித்தாய்? குழுவிலேயே ஒரு பெண் கேட்டாள், நீ பதிலே சொல்லவில்லை. படித்தவனுக்குக் குறை சொல்ல முழு உரிமை உண்டு. ஐந்தாம் பாகத்தில் குறையே இல்லையா? இருக்கிறது. மறைந்திருந்து ஒட்டுக் கேட்பது அளவுக்கு மேல் நடக்கிறது. ஆள் சரியாகத் தேவைப்படுகிற நேரத்தில் சரியான இடத்தில் வந்து நிற்கிறார். ஆதித்த கரிகாலனைக் கொன்ற கை யாருடையது என்று கடைசிவரை தெளிவாகச் சொல்லவில்லை. இந்தக் கடைசிக் குறைக்கு மட்டும் ஒரு சமாதானம் உண்டு. உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று துரோகிகளின் பெயரைச் சொல்கிறது. பின்னால் யார் இருந்தார்கள், ஏன் செய்தார்கள் என்று ஆராய்ச்சிக்காரர்கள் இன்றும் மல்லுக்கட்டுகிறார்கள். சரித்திரம் மூடிவைத்த கதவைக் கல்கியும் திறக்கவில்லை. மற்ற இரண்டு குறைக்கும் என்னிடம் சமாதானம் இல்லை. வாராவாரம் எழுதுகிறவருக்கு வரக்கூடியவைதான்.

கல்கி தன் வாசகர்களின் மனக்குறைக்கு உட்கார்ந்து பதில் எழுதினார். நீ அவருக்காக வக்காலத்து வாங்கி வகுப்புத் தோழனை வசைபாடுகிறாய். இது கல்கிக்குச் செய்கிற மரியாதை இல்லை.

வெளிநாட்டிலும் இதே கதைதான். ஹாரி பாட்டர் வரிசையில் ஐந்தாம் புத்தகம்தான் ஏழிலும் பெரியது. 2003 ஜூனில் வந்தது, இங்கிலாந்துப் பதிப்பு 766 பக்கம். ஆஹா என்றவர்களும் உண்டு, அந்தப் பையன் எந்நேரமும் கத்திக்கொண்டே இருக்கிறான், பாதியாகக் குறைக்கலாம் என்றவர்களும் உண்டு. எழுதிய ரௌலிங் அம்மாவே, சுருக்கியிருக்கலாம் என்று பின்னால் ஒத்துக்கொண்டார். ஆனாலும் யாரும் பிள்ளைகளிடம் போய், "உனக்கு நாற்பது பக்கச் சுருக்கம் போதும்" என்று சொல்லவில்லை. முழுப் புத்தகத்தையும் கையில் கொடுத்தார்கள். பிடித்தது பிடிக்காததைப் பிள்ளைகளே படித்துவிட்டுச் சொன்னார்கள். என் பேத்தி பெங்களூரில் அந்த 766 பக்கத்தையும் ஒரு லீவில் முடித்தாள். அவளுக்குப் பொறுமை பிறவியில் வரவில்லை. வீட்டில் புத்தகம் இருந்தது, அவ்வளவுதான்.

இப்போது அந்தப் பஞ்சாயத்து வார்த்தைக்கு வருகிறேன். "மலைப் பிள்ளைங்களுக்கு அது போதும்."

இந்த "போதும்" என்ற சொல்லோடு நான் முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். நான் பட்டயம் படித்த இடைநிலை ஆசிரியை. பெரிய படிப்பு கிடையாது. ஆனால் இந்தச் சொல்லை எங்கே யார் சொன்னாலும் எனக்குக் காது கூர்மையாகிவிடும். மேல்மலைக்கு ஒரு வாத்தியார் போதும். நாளைக்கு இத்தனை பஸ் போதும். அஞ்சாவது படித்தால் போதும், காட்டு வேலைக்கு அதிகப் படிப்பு எதற்கு. பொம்பளைப் பிள்ளைக்கு எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். இதையெல்லாம் மலைக்குக் கீழே இருந்தவர்கள் சொன்னபோது நமக்குச் சுருக்கென்று தைத்தது. இன்றைக்கு நம் பிள்ளையே, படித்து வெளியூரில் நல்ல வேலையில் இருப்பவனே, நம் பிள்ளைகளைப் பார்த்து அதே சொல்லைச் சொல்கிறான். பதினேழு பேர் கட்டைவிரல் தூக்குகிறார்கள். பட்டணத்துப் பிள்ளைக்கு 766 பக்கம், போளூர்ப் பிள்ளைக்குச் சுருக்கமா? யார் போட்ட சட்டம்?

சின்னப் புத்தகம் கூடாது என்று நான் சொல்லவில்லை. அரசு வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகச் சின்னச் சின்னப் புத்தகம் கொடுக்கிறார்கள். சிறுவகுப்புக்கு அதுதான் சரி. ஆனால் பறக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு வானம் வேண்டாமா? எட்டாவது, ஒன்பதாவது வந்த பிள்ளைக்குச் சுருக்கம் கொடுத்தால் அது ஒரு மணி நேரத்தில் முடித்து வைத்துவிடும். கதை தெரிந்துவிட்டதால் முழுசை எடுக்கவும் எடுக்காது. உதவி என்று நினைத்துக் கதவைச் சாத்துகிறோம். முழுசாக இருந்தால், பத்துப் பேரில் ஏழு பேர் பாதியில் வைக்கட்டும், எனக்குக் கவலை இல்லை. மூன்று பேர் முடிப்பார்கள். பாதியில் வைத்தவனும் என்றைக்காவது எடுப்பான். திருப்பூர்த் தம்பி எட்டாவது படிக்கும்போது பாடப்புத்தகத்தையே முழுசாகப் பிரிக்காதவன். இன்றைக்கு 293 அத்தியாயம் முடித்துவிட்டு என்னோடு சண்டைக்கு நிற்கிறான். ஐந்தாம் பாகம் இழுவை என்று அவன் சொன்னதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அவன் அதைச் சொன்னதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று அவனுக்குத் தெரியாது.

ஆகவே குழுவுக்கு என் கோரிக்கை:

1. சுருக்கப் பதிப்பு வேண்டாம். ஐந்து பாகமும் இரண்டு செட் வாங்குங்கள். கல்கி எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் பல பதிப்பகங்கள் போடுகின்றன, மலிவாகவே கிடைக்கிறது. எழுத்து பெரிதாக உள்ள பதிப்பாகப் பார்த்து எடுங்கள். குளிர்காலத்தில் நம் ஊர் வெளிச்சம் உங்களுக்குத் தெரியும்.

2. அலமாரிக்குப் பூட்டு வேண்டாம். கிழிந்தால் கிழியட்டும், பசை நான் வாங்கித் தருகிறேன்.

3. இழுவை என்ற தம்பியும், உயிர் என்ற பெண்ணும் அடுத்த முறை ஊருக்கு வரும்போது பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் முன்னால் அரை மணி நேரம் இதே சண்டையைப் போட வேண்டும். தலைமை ஆசிரியரிடம் நான் பேசுகிறேன். அதைக் கேட்ட பிள்ளை புத்தகத்தைத் தேடி எடுக்காமல் இருக்குமா?

4. பணம் பற்றாக்குறை என்றால், இரண்டு செட்டுக்கும் ஐந்தாம் பாகம் என் பென்ஷனில். மற்ற நாலையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டைவிரல் போட்ட பதினேழு பேரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் குழுவில் மறுபடி உங்கள் முடிவைச் சொல்லுங்கள். வெறும் கட்டைவிரல் செல்லாது. ஒரு வரியாவது தமிழில் எழுத வேண்டும். எழுத்துப்பிழை இருந்தால் திருத்துவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், போளூர்