செவிக்கு இட்ட பணி

மண்ணுள் மறைந்து கிடக்கும் உலோகத்தை ஒலியால் அறிவிக்கும் கருவி ஒன்று உண்டு. அதனை உலோகங்காட்டி என்பர். அக்கருவியைப் புதிதாக வாங்குவோர் பலர் முதற்கண் வேண்டுவது ஒன்றே. பயனற்ற இரும்பும் தகரமும் ஒலித்தல் வேண்டா, பொன்னும் வெள்ளியும் மட்டும் ஒலித்தாற் போதும் என்பதே அது. கருவி செய்வோரும் அவ்விருப்பத்திற்கு இணங்கி, வேண்டாதவற்றின் ஒலியை அடக்கும் அமைப்பினை அதனுட் பொருத்தியுள்ளனர். அவ்வமைப்பினை அளவின்றிக் கையாளுதல் தவறு என்பதே என் கருத்து. காரணங்களைக் கூறுமுன், கருவி இயங்கும் முறையை மாணவர் அறிதல் வேண்டும்.

நீண்ட கோலின் அடியில் தட்டுப் போன்ற பகுதி ஒன்றுளது. அதனுள் இரு கம்பிச் சுருள்கள் அமைந்துள்ளன. ஒன்றில், நொடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறும் மின்னோட்டம் பாய்கிறது. அதனால் எழும் காந்தப் புலம் மண்ணை ஊடுருவி, ஆங்குள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தை எழுப்புகிறது. அம்மின்னோட்டம் தனக்கென ஒரு சிறு புலத்தைத் தோற்றுவிக்க, இரண்டாம் சுருள் அதனை ஏற்கிறது. அனுப்பிய அலைக்கும் திரும்பிய அலைக்கும் இடையே மிகச் சிறிய காலத்தாழ்வு நேரும். மெல்லிய பொருளிலும் மின்சாரத்தை நன்கு கடத்தாத பொருளிலும் அத்தாழ்வு குறைவு. தடித்த வெள்ளி நாணயத்தில் மிகுதி. இதனை அளந்தே கருவி ஒலியை வகுக்கிறது. பெரும்பாலான கருவிகளில் இரும்புக்குத் தாழ்ந்த ஒலியும், வெள்ளிக்கும் செம்புக்கும் உயர்ந்த ஒலியும், ஏனையவற்றிற்கு இடைப்பட்ட ஒலியும் அமைந்திருக்கும்.

இடர் இவ்விடையொலியில்தான் உளது. கருவி பொருளின் பெயரை அறியாது, விலையையும் அறியாது. பருமனும் வடிவும் கடத்துதிறனும் கூடிய விளைவொன்றையே அது அறியும். மெல்லிய பொன் மோதிரம் எழுப்பும் ஒலியையே, பானக் குவளையின் மூடியிலிருந்து பிய்த்தெறிந்த அலுமினிய வளையமும் எழுப்பக்கூடும். கசங்கிய அலுமினியத் தாளும் எழுப்பக்கூடும். மக்கள் கூடும் கடற்கரைகளில் இவை மலிந்து கிடக்கும். பத்து வளையங்களைத் தோண்டிச் சலிப்புற்று அவ்வொலியை அடக்கிவிட்டவர், பொன்னின் வாயையும் தம் கையாலேயே அடைத்தவராவர். இதற்கு மறுதலையாக, துருவேறிய அகன்ற இரும்புத் தகடு வெள்ளி போல உயர்ந்து ஒலித்து ஏமாற்றுதலும் உண்டு.

இதனினும் நுட்பமான இடர் வேறொன்று. ஓர் ஆணியின் அருகே வெள்ளிக் காசு ஒன்று கிடப்பதாகக் கொள்வோம். இரும்பின் ஒலியை முற்றும் அடக்கி வைத்திருப்பின், ஆணியைக் கண்ட கருவி வாய் மூடும். அது மீண்டும் வாய் திறப்பதற்குள் தட்டு காசினைக் கடந்துவிடும். தேடுபவர் கேட்பது அமைதியொன்றே; ஆங்கு ஒன்றுமில்லை என்று எண்ணி அப்பாற் செல்வர். எல்லா ஒலியையும் கேட்பவருக்கோ, ஆணியின் தாழ்ந்த முனகலினிடையே காசின் உயர்ந்த ஒலி ஒரு கணம் கீற்றுப்போல் வெட்டிச் செல்வது புலனாகும். அவர் நின்று, பக்கவாட்டில் திரும்பி, வேறொரு திசையிலிருந்து தட்டினை வீசிப் பார்ப்பர். இருபுறமும் அவ்வொலி நிலைத்திருப்பின் தோண்டுவர். சிறிய தட்டினைப் பூட்டுதலும், ஒன்றை ஒலித்தபின் அடுத்ததற்கு விரைந்து ஆயத்தமாகுமாறு கருவியைத் திருத்துதலும் இதற்குத் துணை செய்யும். ஆயினும், விரைவைக் கூட்டினால் ஆழம் குறையும் என்பதை மறத்தலாகாது.

ஒலியை அடக்கவே கூடாது என்று யான் கூறவில்லை. இடிந்த வீட்டு மனையில் அடிதோறும் ஆணி ஒலிக்குமாயின் எவர் செவியும் களைக்கும். ஆங்கு இரும்பின் ஒலியை ஒழிப்பதினும் மெலிதாக்குதல் மேல். லகர, ளகர, ழகரங்களைப் பிரித்தறியத் திணறும் மாணவனுக்கு எழுத்தைக் குறைத்தா கற்பிக்கிறோம்? செவியையன்றோ பழக்குகிறோம்!

வேண்டாத உலோகம் வேண்டியதை மறைத்தலால் நேர்ந்த இடர்ப்பாடு இக்கருவியின் பிறப்பிலேயே காணப்படுகிறது. 1881ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்பீல்டு சுடப்பட்டார். உடலுள் தங்கிய குண்டைக் காண, தொலைபேசியால் புகழ்பெற்ற அலெக்சாந்தர் கிரகாம் பெல் ஒரு கருவியைக் கொணர்ந்தார். குண்டின் இடம் அதற்கு அகப்படவில்லை. படுக்கையிலிருந்த எஃகுக் கம்பிகள் கருவியைக் குழப்பின என்பர். மருத்துவரோ, குண்டு வலப்புறம் உள்ளதென்று துணிந்து அப்புறத்தையே தேடச் செய்தார். செப்டம்பரில் தலைவர் இறந்தபின், குண்டு முதுகெலும்பின் இடப்பக்கம் இருந்தமை தெரிந்தது. கருவியை மட்டும் குறை கூறுவது முறையன்று. தேடுமிடத்தை முன்னரே சுருக்கியதன் பங்கே பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது.

பொழுதுபோக்கிற்காகத் தேடுவோர் இழப்பது ஒரு காசு. ஈழத்தின் வடபகுதியில், 2009இல் முடிந்த போருக்குப்பின் கண்ணிவெடி அகற்றும் பணியில் ஈடுபட்டோர்க்கு இழப்பு அவ்வளவில் நிற்பதன்று. அவர்களுள் தமிழ்ப் பெண்கள் பலர். குடும்பத்தைத் தாமே தாங்குபவரும் உளர். நெகிழியாலான கண்ணிவெடிகளில் உலோகம் மிகச் சிறிதளவே இருக்கும். ஆதலின், எந்த ஒலியையும் குப்பை என்று தள்ளுதல் அவர்களுக்கு இயலாது. குண்டுச் சிதறலோ, வேலிக் கம்பியின் துண்டோ, துப்பாக்கி ரவையின் கூடோ, எது ஒலித்தாலும் மண்டியிட்டு, கண்ணிவெடி என்றே கொண்டு, மண்ணைச் சிறிது சிறிதாக அகற்றிக் கண்ட பின்னரே அடுத்த அடி வைப்பர். பகல் முழுதும் உழைத்தும் சில சதுர மீட்டர் நிலமே தூய்மையாகும் நாள்களும் உண்டு.

ஒலியைக் கேட்டுத் தோண்டத் தொடங்கியவன் எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் அறிதல் நன்று. 1992ஆம் ஆண்டு நவம்பரில், இங்கிலாந்தின் சபோக்கு மாவட்டத்து ஆக்சின் என்னும் ஊரில், உழவர் ஒருவர் வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடித்தருமாறு எரிக் இலாசு என்னும் நண்பரை வேண்டினார். இரும்பைத் தேடுபவர் இரும்பின் ஒலியை அடக்கி வைத்தல் இயலாதன்றோ! அவர் கண்டது உரோமர் காலத்துப் பொற்காசும் வெள்ளிக் கரண்டியும். சிறிது எடுத்ததும் தோண்டுதலை நிறுத்தி, உரியவர்க்குச் செய்தி அனுப்பினார். மறுநாளே தொல்பொருள் ஆய்வாளர் வந்தனர். புதையலை வைத்த மரப்பேழையின் சுவடும், பொருள்களை அடுக்கிய முறையும் கலையாமல் கிடைத்தன. காசுகள் மட்டும் 14,000க்கு மேற்பட்டவை. 17½ இலட்சம் பவுன் பரிசாக வழங்கப்பட, இலாசு அதனை உழவரோடு பகிர்ந்துகொண்டார். சுத்தியலும் பின்னர்க் கிடைத்தது. இன்று அதுவும் இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உளது.